எழும்பூரில் வாங்கிய கொழும்பு டிக்கெட்

தனுஷ்கோடி என்றாலே பேச்சு 1964 டிசம்பர் 22 இரவில்தான் தொடங்கும். ஊரைப் புயல் வாரிக்கொண்டு போனது, வந்துகொண்டிருந்த ரயிலை அலை விழுங்கியது, அத்தோடு இந்தியா–இலங்கைப் போக்குவரத்தும் முடிந்தது என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது கணக்கில் இடிக்கிறது. புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறி, 1980-களின் தொடக்கம் வரை தலைமன்னாருக்குப் போய்வந்தது. இரு கரைகளுக்கும் இடையே இருந்த புழக்கத்தைச் சட்டங்களும் ஒப்பந்தங்களும் புயலுக்கு முன்பே அரிக்கத் தொடங்கிவிட்டன என்பதே என் கட்சி.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலமும் மார்ச்சில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தன. எழும்பூரிலேயே கொழும்பு வரை ஒரே டிக்கெட். துறைமுகத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பெட்டி படுக்கையோடு கப்பலேறி, முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் கடலைத் தாண்டினால் தலைமன்னாரில் கொழும்பு ரயில் நிற்கும். இதுதான் ‘போட் மெயில்’. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டம் பாஸ்போர்ட், விசா என்று வாசலில் ஆளை நிறுத்தியது. காகிதமில்லாமல் வந்தவனுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர் விழுந்தது. பின்னர் அந்த வசை, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த தமிழர் மேலும் ஒட்டிக்கொண்டது. புயலுக்கு எட்டு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 30-இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த மண்டபம் முகாமே, திரும்பி வந்தவர்களுக்கும் முதல் தங்கலானது.

இரு கரையையும் வெள்ளைக்காரனே ஆண்டபோது ஓடிய கப்பலை அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்துக்குக் கூலியாள் வேண்டும் என்பது அந்த வழியின் தலையாய காரணங்களில் ஒன்று. இரு நாடுகளும் சமமாக உட்கார்ந்து பேசி உண்டாக்கியதல்ல என்பதால்தான், சுதந்திரம் வந்தபின் அதைக் காப்பாற்றும் பொறுப்பு யார் தலையிலும் விழவில்லை. என் வாதத்துக்கு இது வலுவே தவிரக் குறையில்லை.

இலங்கை உள்நாட்டுப் போர்தானே கப்பலை நிறுத்தியது என்பது அடுத்த மறுப்பு. நிறுத்தியது, சரி. ஆனால் போர் 2009-இல் முடிந்தது. 2011-இல் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்பு கப்பல் அந்த ஆண்டே நின்றது. 2023 அக்டோபரில் கிளம்பிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. 1985-இல் பிறந்த தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் இதிலெல்லாம் தலையிட வழியில்லை: இரு நாடுகளுக்கு இடையிலான சச்சரவுகளை அங்கே பேசக்கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. குளிக்கலாம், ஆனால் தண்ணீரைத் தொடக்கூடாது என்பதுபோல! போரில் சிதைந்த தண்டவாளத்தை இந்திய உதவியோடு தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் போட்டு 2015-இல் ரயில் விட்டார்கள். இந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை ரயில் இருக்கிறது. நடுவில் கப்பல் இல்லை.