குழிக்குள் நின்றவர்கள்

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறவர்கள் தேரைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். தேர் செய்தது யார் என்றால் ஆசாரி என்பார்கள். சரி. ஆசாரி கைக்கு வருமுன் மரத்தைப் பலகையாக்கியவன் யார்?

எங்க தாத்தா அறுப்புக்காரர். மின்சார மில் வராத காலம். குழி தோண்டி, குறுக்குக் கட்டைமேல் தடியை ஏற்றி, பட்டை உரித்து, கோடாலியால் சதுரமாக்கி, காவி தோய்த்த நூலை அடித்துக் கோடு போடுவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் குழிக்குள். வாள் இறங்கும்போதுதான் பல் கடிக்கும். மேலாள் கோடு பார்த்து வாளைத் தூக்குவார். இழுத்து அறுப்பது கீழாள். வாள் இறுகாமலிருக்க அறுத்த வாயில் ஆப்பு வைப்பார்கள். தாத்தாவுக்கு எப்பவும் குழிதான்.

"தூளு பூராம் கண்ணுலதாம்ல விழும். மேல பாக்காம எப்படி இழுக்க?" என்பார்.

அவர் அறுத்த பலகை பக்கத்து ஊர்த் தேரில் சேர்ந்தது. வடம் தொடப் போனவரை விரட்டிவிட்டார்கள். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தார்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. கதவுதான் திறந்தது, வடம் கிடைக்கவில்லை. சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் 1998இல் தலித்துகள் வடம் பிடிக்க உரிமை கேட்டதும் தேரோட்டமே நின்றது. நம் கை படுவதைவிடத் தேர் நிற்பதே மேலாம்! அந்த மரத்தில் யார் வியர்வை பட்டதென்று யாரும் கேட்கவில்லை.

தேர் வரலாறு எழுதும் நண்பர்கள் அறுப்புக்குழியில் இறங்கியவர்களையும் தேடிப் போய்க் கேட்கட்டும். எங்கள் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கண்பார்வைதான் போய்விட்டது.