சேம்பர் என்றால் செங்கல் மட்டுமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி நாமக்கல்லில் கீபோர்டு வகுப்பு முடிந்து வந்ததும் வராததுமாக, "அப்புச்சி, சேம்பர் மியூசிக்னா என்னங்க?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் வீட்டம்மா, "சேம்பர்னா செங்கல்தான், வேறென்ன?" என்று முடித்துவிட்டார். நம் பக்கத்தில் அப்படித்தானே. வீடு கட்டப் போனால் நாட்டுச் செங்கலா, சேம்பர் செங்கலா என்றுதான் மேஸ்திரி முதலில் கேட்பார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சொல்தான். சேம்பர் என்றால் அறை. அறையில் அடுக்கிச் சுட்டது சேம்பர் செங்கல், அறையில் உட்கார்ந்து வாசிப்பது சேம்பர் இசை. பேத்திக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. பழைய விஷயம் ஒன்று கிளம்பிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஐரோப்பாவில் பிரபுக்கள் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் மட்டும் அமர்ந்து வாசித்த இசை அது. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். சேம்பர் இசையில் ஒரு வரிக்கு ஒரே ஆள். தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நால்வர் அமரும் 'ஸ்ட்ரிங் குவார்டெட்' அதில் முக்கியமானது. 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் என்ற ஆஸ்திரியர்தான் அதற்கு ஒரு நிலையான உருவம் கொடுத்தார்.

மைக் வருவதற்கு முன்னால் நம்முடைய கச்சேரியும் கிட்டத்தட்ட அறை இசைதான். ஒரு பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம். ஆனால் நம் வயலின் பாடகரின் நிழலாகப் பின்னாலேயே போகும். அவர்களுடைய நால்வரோ ஒரே நேரத்தில் நாலு வேறு வரிகளை வாசிப்பார்கள், அந்த நாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன். நம் இசை பாவு இழையின் அழகைப் பார்ப்பது. அவர்களுடையது பாவும் ஊடையும் கலக்கிற இடத்தைப் பார்ப்பது. உவமை முழுக்கச் சரியில்லைதான், சங்கீதம் படித்த உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டும் கலப்பது ஏதோ நேற்று வந்த கூத்து என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வயலினே கடல் கடந்து வந்த விருந்தாளி என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த முதலியார் குடும்பம் முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய குடும்பம் அது. அதனால் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுசாமி வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் அந்தப் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 உருப்படிகள். 'நோட்டு சுவரம்' என்று இன்றும் பாட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்களே, அவைதான். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. மும்மூர்த்திகளில் ஒருவரே பேண்டு செட்டின் மெட்டை எடுத்து அம்பாளுக்குச் சாற்றியிருக்கிறார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

நம் சேலத்துக்கு வருவோம். ஏற்காடு சாலையில் அந்த வளைவைப் பார்க்காதவர்கள் உங்களில் இருக்க மாட்டீர்கள். டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1940இல் அங்கே எடுத்த 'உத்தம புத்திர'னுக்கும் 1950இல் வந்த 'மந்திரிகுமாரி'க்கும் இசை ஜி. ராமநாதன். கர்நாடக ராகத்தைச் சினிமாவில் பிழிந்து கொடுத்தவர் என்று பெயர் வாங்கியவர். அதே 'உத்தம புத்திரன்' என்ற பெயரில் 1958இல் சிவாஜி கணேசனை வைத்துச் சென்னையில் வேறொரு படம் எடுத்தார்கள். அதற்கும் அவரே இசை. அதில் மேல்நாட்டு ராக் பாணி ஆட்டப் பாட்டும் போட்டுக் கொடுத்தார். வாசித்தவர்கள் ஒருபக்கம் கச்சேரிக்காரர்கள், ஒருபக்கம் மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரிந்த வாத்தியக்காரர்கள். ஒலிப்பதிவுக் கூடமும் ஓர் அறைதானே. அந்த அறைக்குள் எது சாஸ்திரிய சங்கீதம், எது சினிமா என்று யாரும் கோடு போட்டுக்கொண்டு உட்காரவில்லை. கோடு போட்டதெல்லாம் வெளியே இருந்த நம்மைப் போன்றவர்கள்தான்.

அந்த மாதிரி அறைகளில் கித்தார் வாசித்து, உதவியாளராக இருந்து வளர்ந்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்த சமயம். விடுதியில் அதைப் பாடாதவன் கிடையாது. பத்து வருடம் கழித்து, படம் எதுவும் இல்லாமல் ஒரு கேசட் போட்டார். பாட்டும் கிடையாது, வெறும் வாத்தியம். பெயர், 'ஹவ் டு நேம் இட்?' இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேள்வியையே பெயராக வைத்துவிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற மேதைக்கும் அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார்.

1987இல் சேலம் போயிருந்தபோது அதை வாங்கினேன். புதுப் படம் என்று நினைத்துத்தான் வாங்கினேன், உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன. கடைக்காரருக்கே அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சினிமா அடுக்குக்கும் சுப்ரபாத அடுக்குக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து போட்டேன். ஜானகியும் வரவில்லை, பாலுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று இருந்தது.

அப்போது நான் ராசிபுரம் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் வேலை பார்த்தேன். அன்றைக்கு அது சேலம் மாவட்டம்தான், நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். பிள்ளைகளுக்குப் பாட்டு போட்டுக் காட்டுவதற்காக வீட்டு டேப்ரெக்கார்டரைப் பள்ளிக்கு எடுத்துப் போவேன். ஒருநாள் மதிய இடைவேளையில் இந்தக் கேசட் ஓடியது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சோற்றுத் தட்டோடு ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். மறுநாளும் போடச் சொன்னான். போட்டேன். ஒரு மாதம் இருக்கும், வீட்டிலிருந்து புல்புல்தாரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வயலின் வரியில் கொஞ்சம் வாசித்தான். நடுநடுவே அவன் அப்பா ஊர்வலத்தில் வாசிக்கிற மெட்டையும் சேர்த்துக்கொண்டான். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் வாசித்தான்.

"சார், ஆண்டு விழாவுல இதை வாசிக்கட்டுங்களா?"

"இது சாமி பாட்டா, தேசபக்திப் பாட்டா, சினிமாப் பாட்டா?"

"தெரியலீங்க சார்."

நிகழ்ச்சி நிரல் எழுதுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. பெயருக்கு நேரே என்ன வகை என்று எழுத வேண்டும். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அடித்துவிட்டேன். தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது, சிறப்பு விருந்தினர் என்ன நினைப்பார் என்பதெல்லாம் அப்போது பெரிய காரணங்களாகத் தெரிந்தன. அந்த வருடம் அவன் கும்மியில் பின்வரிசையில் நின்றான்.

அந்தக் கேசட்டை நான் ஒழுங்காகக் கேட்டது ஓய்வு பெற்ற பிறகுதான். அதில் ஒரு பகுதியின் பெயர், 'சேம்பர் தியாகராஜரை வரவேற்கிறது' என்று பொருள்படும். இன்னொன்று, 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்'. அடுத்தது, 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்'. இன்னொன்றுக்கு, 'ஒப்பிடாதீர்கள்' என்றே பெயர். பாக் இறந்தது 1750இல், தியாகராஜர் பிறந்தது 1767இல். ஒருவரையொருவர் பார்த்திருக்க வழியே இல்லாதவர்களை ஒரே வீட்டுக்கு வரவழைக்கிறார். பாக் வீட்டுக்கு வருகிற பகுதியில், தனி வயலினுக்காக பாக் எழுதிய ஓர் உருப்படியையே எடுத்துக்கொண்டு, அதன் மேல் தன் வரிகளை ஏற்றியிருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய வரி அப்படியே ஓட, நம்மூர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

'ஃபியூக்' என்ற வடிவத்திலும் ஒன்று உண்டு. வகுப்பில் முதல் பெஞ்சு வாய்ப்பாடு சொல்லத் தொடங்கி நாலு வரி போனதும் இரண்டாம் பெஞ்சு முதலிலிருந்து ஆரம்பிக்கும், அப்புறம் மூன்றாம் பெஞ்சு. நம் வகுப்பில் அது கூச்சலாகிவிடும். அங்கே எந்த இடத்தில் கேட்டாலும் மூன்று வரியும் பொருந்தி நிற்கும்படி எழுத வேண்டும், அதுதான் வித்தை.

முன்னணி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். இவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். சினிமாப் பாட்டின் இடையிசையில் இவர் வயலினை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம், பெயர்தான் தெரியாது. பிற்பாடு இவரே 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்று நால்வர் குழு ஒன்றை அமைத்தார். இவரோடு ஹேமந்தராஜ் முளியில் இரண்டாம் வயலின், பி. ஜே. சந்திரன் வயோலா, வி. ஆர். சேகர் செல்லோ. கர்நாடகக் கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டு, அதற்கு மேற்கத்திய முறையில் ஒத்திசைவு எழுதி வாசித்தார்கள். சொல்வதற்குச் சுலபம். நம் சுரம் நிற்கிற சுரம் அல்ல, கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே மற்ற மூவர் அசையாத சுரங்களைப் பிடித்தால் உரசும். கமகத்தை நிறுத்தினால் ராகம் செத்துவிடும். முதல் வயலின் ராகத்தை விடாமல் பாடிக்கொண்டு போக, மற்ற மூவரும் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்து எழுத வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் நூறு பேர் சத்தத்தில் மறைந்துபோகும் உரசல், நாலு பேரில் பளிச்சென்று கேட்டுவிடும்.

வெளிநாட்டிலும் இதே வேலை நடந்தது. அமெரிக்காவின் குரோனோஸ் குவார்டெட், ஆர். டி. பர்மனின் இந்திப் பாட்டுகளை ஆஷா போஸ்லேயைப் பாடவைத்து 2005இல் ஓர் ஆல்பமாகவே வெளியிட்டது. அங்கே அதைப் பெரிதாகப் பேசினார்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது நம் குழுவிலும் எத்தனை வாழ்த்துப் படங்கள் வந்து விழுந்தன! எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சிம்பொனி என்றால் பெருங்கூட்டம். என் மனசு அந்தச் சின்ன அறைக் கேசட்டுக்குத்தான் போனது.

அந்தப் பையனைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பாதிதான். போன வைகாசியில் பரமத்தி வேலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மெல்லிசைக் குழு. இடைவேளையில் கீபோர்டு வாசித்தவர் இறங்கி வந்து, "சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தலையில் பாதி நரை. ஊரையும் வருடத்தையும் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. மனசில் இருந்ததை நானே சொல்லிவிட்டேன், "ஆண்டு விழாவுல உன் பேரை அடிச்சது நான்தாம்ப்பா."

"அது ஞாபகம் இல்லீங்க சார். அந்த டேப்புதான் ஞாபகம். அது எந்தப் படம்னு பத்து வருசம் தேடுனேனுங்க. கேசட் கடை கேசட் கடையா போயி வாயாலயே வாசிச்சுக் காட்டுவேன், யாருக்கும் தெரியல. அப்புறம் டிவியில 'வீடு' படம் போட்டாங்க. ஆகா, இந்தப் படந்தான்னு நெனச்சுட்டேன்."

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வந்தது. ஒரு பெண் பணம் புரட்டி வீடு கட்டப் படாத பாடு படுகிற கதை. தேசிய விருது வாங்கியது. அதற்கென்று தனியாக இசை அமைக்கவில்லை, இந்தக் கேசட்டில் இருந்ததையே எடுத்துப் பின்னணியாகப் பயன்படுத்தினார்கள். அதை அவருக்குச் சொன்னேன். கேசட்டின் பெயரையும் சொன்னேன். செல்போனில் தமிழிலேயே தட்டிக் குறித்துக்கொண்டார்.

பத்து வருடம். அந்தப் பெயர் என் மேசை இழுப்பறையில் அட்டையோடு கிடந்தது. வகுப்பில் ஒரு முறை கரும்பலகையில் எழுதியிருந்தால் போதும்.

சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து அந்த வரி கேட்டது. மேலே வயலின் வரி, இடது கையில் அவராகச் சேர்த்த கார்டுகள். இப்போது தப்பு இல்லை. பந்தியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்குறிப்பு: சேலத்து மச்சான் இதைப் படித்தால், ஒரு தீபாவளிக்கு வாங்கிப்போன அந்தக் கேசட் இன்னும் திரும்பி வரவில்லை என்பதை அன்போடு நினைவூட்டுகிறேன். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அட்டையோடு கொடுத்து அனுப்பவும். பேத்தி கேட்கிறாள்.