ஹங்கேரிய நாட்டுப்புற ராக்: ஒரு வரலாறு

ஹங்கேரியில் நாட்டுப்புற இசையும் ராக் இசையும் 1960களின் நடுவில் ஒன்றுசேரத் தொடங்கின. அன்று முதல் ஒவ்வொரு தலைமுறை இசைக்குழுவும் கிராமத்திலிருந்து வேறு வேறு பொருளை எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவர்கள் மெட்டை எடுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் கருவிகளையும், பின்னர் வந்தவர்கள் சடங்கின் ஆவேசத்தையும் பழங்கதைகளையும் எடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொள்வதற்கான கையிருப்பை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வாளர்கள் திரட்டி வைத்திருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹங்கேரிய இசை என்று ஐரோப்பா அறிந்திருந்தது, நகரத்து உணவகங்களில் ரோமா இசைஞர்கள் வாசித்ததைத்தான். அவற்றில் பெரும்பகுதி ஹங்கேரிய நடுத்தர வர்க்கத்தார் அண்மைக்காலத்தில் இயற்றிய பாடல்கள். உழவர்களின் பாட்டு அதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. 1890களில் பேலா விகார் என்ற ஆய்வாளர் ஃபோனோகிராப் கருவியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிவுசெய்தார். 1905 முதல் ஸோல்தான் கோடாயும் பேலா பார்டோக்கும் அந்தப் பணியை விரித்தனர். இருவரும் சேர்ந்து 20 நாட்டுப்பாடல்களைப் பியானோ துணையிசையுடன் 1906இல் வெளியிட்டார்கள். 1907இல் டிரான்சில்வேனியாவின் செக்கேய் பகுதிக்குச் சென்ற பார்டோக், அங்கே ஐந்தே சுரங்களில் நடக்கும் மிகப் பழைய மெட்டுகளைக் கண்டறிந்தார்.

இந்தப் பழைய அடுக்கின் இலக்கணம் தெளிவானது. மெட்டு மேலே தொடங்கிக் கீழே இறங்கிவரும். முதல் இரண்டு அடிகள் நடந்த வழியையே அடுத்த இரண்டு அடிகள் ஐந்து சுரம் தாழ்ந்த நிலையில் மீண்டும் நடப்பது அதன் ஒரு முக்கிய வகை. சில பாடல்கள் பேச்சின் போக்கில் தாளக்கட்டின்றி நீளும். நடனப் பாடல்கள் கறாரான தாளத்தில் ஓடும். ஐந்து சுர மெட்டும் உறுதியான தாளமும் பிற்காலத்தில் ராக் இசைக்கு எளிதாகப் பொருந்தின. பாட்டையே இசைக்கல்வியின் அடிப்படையாகக் கொண்ட கோடாயின் கருத்துகள் 1950 முதல் சிறப்புப் பாடசாலைகளில் நடைமுறைக்கு வந்தன. கெச்கெமேட் நகரில் அத்தகைய முதல் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. ராக் வாசிக்க வந்த தலைமுறை நாட்டுப்பாடல்களோடு பள்ளியிலேயே பழகியிருந்தது.

முதல் அடியை எடுத்துவைத்த குழு இல்லேஷ். லயோஷ் இல்லேஷ் 1957இல் தொடங்கிய இக்குழுவில் 1965 வாக்கில் லெவென்டெ சோரேனி, அவருடைய அண்ணன் சபோல்ச் சோரேனி, பாடலாசிரியர் யானோஷ் பிரோடி ஆகியோர் சேர்ந்தபின் அதன் போக்கு மாறியது. அந்நாளில் மற்றக் குழுக்கள் ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு அப்படியே வாசித்துக்கொண்டிருந்தன. இல்லேஷ் தாய்மொழியில் சொந்தப் பாடல்களை எழுதியது. பீட்டில்ஸ் பாணி ஒத்திசையில் ஹங்கேரிய மெட்டின் வளைவுகளைக் கலந்தது. இல்லேஷ், மெட்ரோ, ஒமேகா ஆகிய மூன்று குழுக்களும் இடம்பெற்ற 'எசெக் அ ஃபியாடலோக்' திரைப்படம் 1967இல் வெளிவந்தபோது அவை நாடறிந்தவை ஆயின. 1968இல் தொலைக்காட்சி நடத்திய பாட்டுவிழாவில் இல்லேஷ் பரிசுகளைக் குவித்தது.

அக்காலத்தில் கலைப்படைப்புகளைக் கம்யூனிச அரசு மூன்றாகப் பிரித்தது: ஆதரிக்கத்தக்கவை, பொறுத்துக்கொள்ளத்தக்கவை, தடைசெய்யத்தக்கவை. ராக் பெரும்பாலும் இரண்டாம் வகையில் இருந்தது. இசைத்தட்டு வெளியீடு ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்ததால், அதன் ஒப்புதல் கிடைக்காத குழுவுக்கு இசைத்தட்டே கிடையாது. 1970இல் இங்கிலாந்து சென்ற இல்லேஷ் குழுவினர் பிபிசிக்கு அளித்த பேட்டி அதிகாரிகளைக் கோபப்படுத்தியது. புடாபெஸ்ட் மேடைகள் சிலகாலம் அவர்களுக்கு மூடப்பட்டன. 1973இல் குழு கலைந்தது.

இதற்குள் இன்னொரு பாதை திறந்தது. 1972 மே 6 அன்று புடாபெஸ்ட்டின் லிஸ்ட் ஃபெரென்ட்ஸ் சதுக்கத்தில் நான்கு நடனக்குழுக்களின் உறுப்பினர்கள் கூடி, டிரான்சில்வேனியாவின் சேக் கிராமத்து வழக்கப்படி மேடையும் பார்வையாளரும் இல்லாமல் தங்களுக்காகவே ஆடினார்கள். ஃபெரென்ட்ஸ் ஷெபோவும் பேலா ஹல்மோஷும் வாசித்தனர். நடன ஆய்வாளர் கியோர்கி மார்ட்டினின் ஆய்வும், நடன ஆசிரியர் ஷாந்தோர் தீமாரின் பயிற்சிமுறையும் அதற்குப் பின்னணியாக இருந்தன. தான்ட்ஸ்ஹாஸ், அதாவது ஆடல்மனை, என்ற இந்த இயக்கம் விரைவில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1920இன் திரியானோன் உடன்படிக்கையால் டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போயிருந்தது. நகரத்து இளைஞர்கள் எல்லை தாண்டி அங்கே போய், கிராமத்து முதியவர்களிடம் நேரில் கற்றார்கள்.

கற்றது மெட்டு மட்டுமன்று. கருவியும் வாசிப்பு முறையும்கூட. கோன்ட்ரா என்பது மூன்று தந்தி வியோலா. தந்திகளைத் தாங்கும் அதன் குதிரை தட்டையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் வில்லின் ஒரே இழுப்பில் மூன்று தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும்; நடனத்துக்கு வேண்டிய தாள உந்துதல் அதிலிருந்து பிறக்கிறது. கார்டோன் என்பது செல்லோ வடிவில் செய்து, தந்திகளைக் குச்சியால் அடித்து வாசிப்பது. டூடா என்ற தோற்பைக் குழல், சக்கரத்தைச் சுழற்றி ஒலியெழுப்பும் தெகெரோ, கழுத்துக் குட்டையான கோபோஸ், ஃபுருயா என்ற குழல் ஆகியவையும் நகரத்துக்குத் திரும்பின. 1973இல் தொடங்கிய முஜிகாஷ் குழு இவற்றைக் கிராமத்து முறை மாறாமல் வாசித்தது.

வேறு சிலர் அவற்றைப் புதிய இசைக்குக் கருவியாக்கினர். கோலிந்தா குழு நாட்டுப்புற மெட்டுகளைச் சிக்கலான இசைக்கோப்புகளாக விரித்தது. அதன் முதல் இசைத்தட்டு 1976இல் பிரான்சில் வெளிவந்தது. அதே ஆண்டு கெர்கெய் கோல்தாய் தொடங்கிய கோர்மொரான், குழலையும் தோற்பைக் குழலையும் மின் கிட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தியது. நாட்டுப்புற ராக் என்ற பெயருக்கு ஹங்கேரியில் முதன்மையான சான்றாக இக்குழுவே கருதப்படுகிறது. தேசிய வரலாற்றைப் பாடும் மேடைப் படைப்புகளும் அதன் அடையாளமாயின.

1975இல் உருவான வாக்தாஸோ ஹலோட்கேமெக் குழு முற்றிலும் வேறு திசையில் சென்றது. அதன் தலைவர் அட்டிலா கிராண்ட்பியேர் தொழிலால் வானியலாளர். பழங்கால ஷாமன் சடங்கின் ஆவேசத்தை முரசொலியாகவும் கட்டற்ற குரலாகவும் மாற்றி, பங்க் இசைக்கு நெருங்கிய வடிவில் இக்குழு நிகழ்த்தியது. அரசு அதைச் சகிக்கவில்லை. அதன் முதல் இசைத்தட்டு 1988இல் மேற்கு ஜெர்மனியில்தான் வெளிவர முடிந்தது.

இல்லேஷ் குழுவின் லெவென்டெ சோரேனியும் பிரோடியும் இயற்றிய ராக் ஓபெரா 'இஷ்த்வான், அ கிராய்' 1983 ஆகஸ்ட் 18 அன்று புடாபெஸ்ட் நகரப் பூங்காவின் குன்றில் திறந்தவெளியில் அரங்கேறியது. 997இல் தலைவர் கேஸா இறந்தபின், கிறித்தவத்தை ஏற்ற மகன் இஷ்த்வானுக்கும் பழைய நெறியைக் காக்கப் போராடிய உறவினர் கொப்பானுக்கும் இடையே எழுந்த ஆட்சிப்போட்டியே கதை. கொப்பானின் தரப்பு கடும் ராக்கில் பாட, அவருடைய மகள் ரேகாவின் பாடல்களை முஜிகாஷுடன் பாடிவந்த மார்த்தா ஷெபெஷ்டியேன் நாட்டுப்புறக் குரலில் பாடினார். சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த 1956 எழுச்சியின் நிழலைப் பலர் இக்கதையில் கண்டார்கள். தேசிய உணர்வை அரசின் அனுமதியோடு பொதுவெளியில் பாட முடிந்த அரிய நிகழ்வு அது. இதன் திரைவடிவத்தை காபோர் கோல்தாய் இயக்கினார்.

எல்லைக்கு அப்பாலும் இசை வளர்ந்தது. இன்றைய ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில், அங்கே சிறுபான்மையினரான ஹங்கேரியர்களிடையே 1984இல் கீமெஷ் குழு தோன்றியது. சார்க்கா சகோதரர்கள் அதை நடத்தினர். 1989இல் கம்யூனிச ஆட்சி முடிவுக்கு வந்தபின் தணிக்கை போயிற்று. புதிய வகைகள் பெருகின. ஷோப்ரோன் நகரில் 1998இல் உருவான டால்ரியாடா, நாட்டுப்புற மெட்டை ஹெவி மெட்டலுடன் இணைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் யானோஷ் ஆரனியின் கதைப்பாடல்களுக்கு இசையமைத்து 2009இல் ஒரு தொகுப்பையே அது வெளியிட்டது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பின்னர் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. கெச்கெமேட்டில் 1988இல் தொடங்கிய ச்சீக் இசைக்குழு ஆடல்மனை மரபில் ஊறியது. அது கிஷ்பால் எஷ் அ போர்ஸ், குவிம்பி ஆகிய ராக் குழுக்களின் பாடல்களை வயலினிலும் கோன்ட்ராவிலும் வாசித்து, நாட்டுப்புற இசையின் பக்கமே வராத கேட்பவர்களையும் ஈர்த்தது. ஆடல்மனை முறையை யுனெஸ்கோ 2011இல் மரபைக் காக்கும் சிறந்த நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. மெழுகு உருளைகளிலும் ஏடுகளிலும் இருந்த பாட்டைக் கற்று, ஆடி, தம் காலத்து இசையோடு சேர்த்த தலைமுறைகளாலேயே அது வழக்கில் நிலைத்தது.