மூன்று மணி நேரம்

என் பெரியம்மா முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். உறவினர்களுக்கு இன்றும் அவர் 'மிஸி'தான். நைட் ஷிப்ட் முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். 

"மனச அமைதியா வச்சிக்கணும்னு எங்களுக்குக் கோர்ஸ் நடத்துனாங்கடா. அதுக்கும் லீவு நாள்லதான் கூப்பிட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தச் சோர்வுக்கு 'பர்ன் அவுட்' என்ற பெயர் பரவலானது 1974இல். நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தானும் உடன் உழைத்தவர்களும் வற்றிப்போனதைக் கண்டு உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் அதைப் பற்றி எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு கேள்வித்தாளைத் தந்தார்கள். ஆனால் அளந்தது தாதியின் மனதை மட்டும்தான். அவர் தலையில் இருந்த சுமையை யார் அளந்தார்கள்?

லிண்டா எய்கன் அளந்தார். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் அவர் குழு வெளியிட்ட முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அவர் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது. அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடுகிறது. தாதியின் களைப்பு அவரோடு முடிவதில்லை.

அதற்கு முன்பே, 2000இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தாதியர் சங்கம் போராடி ஒரு கணக்கை வென்றிருந்தது. பெரிய மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் 20 நோயாளிக்கு 5 தாதியர். கலிபோர்னியாவில் 1999இல் இயற்றிய சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பொது வார்டில் ஒருவருக்கு ஆறு நோயாளிகள், பின்னர் ஐந்து.

நம் நாட்டில் கணக்கு எதிர்த்திசையில் போனது. 2024இல் புதிய அரசுச் சேவை ஊதியத் திட்டத்தோடு, ஷிப்டில் வேலை செய்யும் தாதியரின் வார நேரம் 42இலிருந்து 45 ஆகும் என்று அறிவிப்பு வந்தது. தாதியர் எதிர்த்தார்கள், அமலாக்கம் தள்ளிப்போனது. "மூணு மணி நேரம்தானே?" என்று பலரும் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கால்குலேட்டரை எடுத்தேன். ஆண்டுக்கு 156 மணி நேரம். ஏழு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் 22 ஷிப்டுகள்.

நான் பொறியாளர். மோட்டார் சூடேறினால் முதலில் லோடைப் பார்ப்போம். மோட்டாருக்கு மனவுறுதி போதவில்லை என்று யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

கணக்கைப் பெரியம்மாவிடம் காட்டினேன். "சரிதான். ஆனா ஒருத்திக்கு எத்தன பேஷண்டுனு நீ இதுல போடலையே" என்றார்.

தாதியரின் சோர்வைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எழுத வேண்டிய எண் அதுதான்.