நோயாளியின் பெயர்

நோய்க்கு வரலாறு உண்டு. நோயாளியின் மானத்துக்கும் வரலாறு உண்டு. முன்னதை வைத்திய நூல்கள் விரித்துரைக்கும். பின்னதையோ சட்டங்களிலும், வைத்தியசாலை மதில்களிலும், புனைபெயர் தாங்கிய கல்லறைகளிலுமே தேடவேண்டியுள்ளது. இதற்குத் தொழுநோயின் வரலாறு தக்க சான்றாகும்.

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில், ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலே தொழுநோயாளர் இல்லமொன்றைக் கட்டி முடித்தனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், 1901இல், ஆங்கிலேய ஆட்சி தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தை இயற்றி, நோயாளரைப் பிரித்துவைக்கும் அதிகாரத்தைத் தனதாக்கிக்கொண்டது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது. நோயுற்றவன் குற்றவாளியல்லன்; ஆயினும் அவனுக்கு வாய்த்த வாழ்வு சிறைவாசத்தையே ஒத்திருந்தது.

அறிவியல் வளர்ந்தால் மனிதாபிமானமும் தானாக வளரும் என்று நம்புவோர் நோர்வேயின் பேர்கன் நகரை நோக்குதல் வேண்டும். 1873இல் அங்கேதான் ஹன்சன் என்னும் வைத்தியர் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஹன்சன், 1879இல், ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளை இன்னொரு பெண் நோயாளியின் கண்ணிலே, அவளது சம்மதம் பெறாது ஏற்றிப் பரிசோதித்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1880இல் அவர் தம் வைத்தியசாலைப் பதவியை இழந்தார். உலகம் போற்றிய ஓர் அறிஞருக்கு எதிராக, வறியவளான ஒரு நோயாளியின் உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டிய அத்தீர்ப்பு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் இல்லத்தின் கதை வேறுவிதமானது. 1894இல் முதல் நோயாளர் எழுவரும் நியூ ஓர்லியன்சிலிருந்து இரவோடிரவாகப் படகில் அங்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கு வந்தோர் பலர், குடும்பத்தைப் பழியினின்று காக்கும்பொருட்டுத் தம் பெயரையே துறந்து புதுப்பெயர் பூண்டனர். வாக்குரிமைகூட 1946இலேதான் அவர்களுக்கு மீண்டது. ஸ்டான்லி ஸ்டைன் என்ற புனைபெயரோடு வாழ்ந்த நோயாளி ஒருவர் 1941இல் ‘ஸ்டார்’ என்னும் ஏட்டைத் தொடங்கி, அதன்வழி உலகோடு வாதாடினார்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் அவசியம். நோயாளியைச் சமூகம் மறைத்துவைப்பது ஒன்று. நோயாளியின் இரகசியத்தை வைத்தியர் காப்பது மற்றொன்று. முன்னது அச்சத்திற் பிறந்தது. பின்னது மரியாதையிற் பிறந்தது. இரகசியம் நோயாளிக்கே உரியது. அதை மூடிவைப்பதும், ஸ்டைனைப் போலத் தாமே திறந்து பேசுவதும் அவரவர் உரிமை. பண்டைக் கிரேக்க வைத்தியரின் உறுதிமொழியும், 1948ஆம் ஆண்டின் ஜெனீவாப் பிரகடனமும் இக்கடமையையே வலியுறுத்தின.

‘பொதுநலத்துக்காகப் பெயரை வெளியிட்டால் என்ன?’ என்று கேட்பாருளர். வரலாறு இதற்கு விடை பகர்கிறது. பெயர் வெளிப்படும் என்று அஞ்சுபவன் நோயை ஒளிக்கிறான்; காலந்தாழ்த்தி வருகிறான்; அதற்குள் நரம்புகள் கெட்டு அங்கம் பழுதுறுகிறது; தொற்றும் பரவுகிறது. ஆகவே, இரகசியம் பேணுதல் பொதுநலத்துக்குப் பகையன்று, துணையே.

1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் இன்று முற்றாகக் குணமாகிறது. ஆயினும் மருந்து வந்தவுடனே மதில்கள் வீழ்ந்துவிடவில்லை. யப்பான் தன் பிரித்துவைப்புச் சட்டத்தை 1996இலேதான் நீக்கியது. அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதென 2001இல் குமமோத்தோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் இனங்காணப்படுகின்றனர். பலர் காத்திருக்கும் விறாந்தையிலே ஒருவரது பெயரையும் நோயையும் சேர்த்து உரத்துக் கூவும் குரல், அவரை மீண்டும் பழைய மதிலுக்குள்ளே தள்ளிவிடும். வைத்தியர் முதல் எழுதுவினைஞர், சிற்றூழியர் ஈறாக அனைவரும் இதனை உணர்தல் வேண்டும். உழைத்து வாழும் ஏழைக்குப் பல வேளைகளில் எஞ்சியிருப்பது அவனுடைய நற்பெயர் ஒன்றே. அதைப் பறித்துக்கொண்டு வழங்கும் மருந்து முழுமையான மருந்தாகாது.