இண்டியானாபொலிஸ் ரேஸ்வே பார்க்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இண்டியானா மாநிலத்தின் தலைநகரான இண்டியானாபொலிஸுக்கு வடமேற்கே, நகரத்தின் மையத்திலிருந்து சுமார் 10 மைல் தொலைவில், பிரவுன்ஸ்பர்க் என்னும் ஊரை அடுத்து அமைந்த மோட்டார் பந்தய மைதானம். இரண்டு வாகனங்கள் நேர்கோட்டில் போட்டியிடும் டிராக் ரேஸுக்குரிய நேர்த்தடமும், 0.686 மைல் சுற்றளவுள்ள நீள்வட்டத் தடமும் இங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்நகரப் பகுதியில் 1909-ஆம் ஆண்டு முதல் இருந்துவருவதும், ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் 500 மைல் பந்தயத்தால் உலகப் பிரசித்தி பெற்றதுமான இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வேயோடு இதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. அது பல லட்சம் ஜனங்கள் கூடும் பெருவிழாவுக்குரிய இடம். இதுவோ வாரந்தோறும் பந்தயம் ஓடிப் பழகுகிறவர்களுக்கும், ஒரு நாள் அந்தப் பெரிய மைதானத்தில் ஓடவேண்டுமென்று கனவு காண்கிற இளைஞர்களுக்கும் உரிய இடமாகவே வளர்ந்தது.

1958-ஆம் ஆண்டில், டாம் பின்ஃபோர்டு, ஃபிராங்க் டிக்கி, பந்தய வீரர் ராட்ஜர் வார்டு முதலியோரின் தலைமையில் உள்ளூர் வியாபாரிகளும் பந்தயத் துறையினருமாகப் பதினைந்து பேர் ஆளுக்கு 5,000 டாலர் போட்டு, 267 ஏக்கர் விஸ்தீரணமுள்ள விவசாய நிலத்தைப் பந்தய மைதானமாக்க முற்பட்டனர். அவர்களுடைய பிரதான உத்தேசம் டிராக் ரேஸ் அன்று. 15 திருப்பங்களைக் கொண்ட, இரண்டரை மைல் நீளமுள்ள சாலைத் தடம் ஒன்றை அமைப்பதே அவர்கள் ஆசை. ஆயினும் அத்தகைய தடம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தபடியால், அதன் நீண்ட நேர்ப்பகுதியையே டிராக் ரேஸுக்கும் உபயோகிக்கத்தக்கதாக வகுத்தனர். டிராக் ரேஸ்களை நடத்திவந்த தேசிய ஹாட் ராட் சங்கத்தின் உதவியோடு அந்தப் பகுதிதான் முதலில் முடிந்தது. 1960-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அங்கே முதல் பந்தயமும் நடந்தது. சாலைத் தடமும் நீள்வட்டத் தடமும் 1961-இல்தான் பூர்த்தியாயின. துணையாக வைத்துக்கொண்ட தடமே பிற்காலத்தில் மைதானத்தின் ஜீவாதாரமாயிற்று என்பது இதன் சரித்திரத்தில் கவனிக்கத்தக்க அம்சம்.

டிராக் ரேஸ் என்பது இரண்டு வாகனங்கள் அசையாமல் அருகருகே நின்று, ஒரே சமயத்தில் புறப்பட்டு, வழக்கமாகக் கால் மைல், அதாவது 1,320 அடி தூரத்தை யார் முன்னால் கடக்கிறார் என்று பார்க்கும் பந்தயம். தோற்றவர் அன்றைக்கு வெளியேறுவார். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். வாலி பார்க்ஸ் 1951-இல் தோற்றுவித்த தேசிய ஹாட் ராட் சங்கம், தன் தேசியப் போட்டியைக் கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்டில் 1955-இல் தொடங்கி, பிறகு கான்சாஸ் சிட்டி, ஓக்லஹோமா சிட்டி, டெட்ராய்ட் என ஊர் ஊராக நடத்திவந்தது. 1961-இல் அப்போட்டி இங்கே வந்து சேர்ந்தது. அதன்பின் வேறெங்கும் போகவில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையாகிய தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி நடப்பதால், தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து பல நாட்கள் தங்கிப் பார்க்கும் வழக்கமும் வேரூன்றியது.

டிராக் ரேஸின் சின்னமாகவே இன்று எல்லாரும் அறிந்த விளக்குக் கம்பம், 1963-ஆம் ஆண்டுப் போட்டியில்தான் அறிமுகமாயிற்று. அதுவரை ஒருவர் இரண்டு கார்களுக்கும் நடுவே நின்று கொடியை வீசியே புறப்பாட்டை அறிவித்து வந்தார். அவர் கை அசையப்போகும் தருணத்தை ஊகித்து முந்திக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் இருந்தமையால் பூசல்களுக்குக் குறைவில்லை. அந்நாளைய புதிய கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஐந்தும் ஒவ்வொன்றாக எரிந்து இறங்க, அவற்றின் கீழே பச்சை விளக்கு எரியும். அவசரப்பட்டவருக்குச் சிவப்பு எரியும். அதன் பிறகு, புறப்பாடு குறித்து மனிதரோடு வாதாடுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

1970-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியின் இறுதிப் பந்தயம் இம்மைதானத்தில் நிகழ்ந்தவற்றுள் மறக்கவொண்ணாதது. டிராக்ஸ்டர் எனப்படும் அக்காலத்து உயர்தர டிராக் ரேஸ் கார்களில் எஞ்சின் முன்னால் இருக்க, ஓட்டுநர் அதன் பின்னே, கிளட்சையும் கியர் அமைப்பையும் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று எதிரெதிரே ஓடிய டான் புருதோமும் ஜிம் நிகோலும் எல்லைக்கோட்டை நெருங்கும் வேளையில் நிகோலின் கிளட்ச் வெடித்துச் சிதறி அவருடைய காரை இரண்டாகத் துண்டித்தது. எஞ்சினோடு கூடிய முற்பகுதி புருதோமின் அருகே வழுக்கிக்கொண்டு வர, நிகோல் அமர்ந்திருந்த பிற்பகுதி தடுப்பைத் தாண்டி உருண்டோடியது. வெற்றி பெற்ற புருதோம், தம் போட்டியாளர் இறந்தேவிட்டார் என்று எண்ணி, இனி இத்தொழிலே வேண்டாமென்று கலங்கினார். ஆனால் நிகோல் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த வேறொரு வெடிப்பில் பாதத்தின் ஒரு பகுதியை இழந்த டான் கார்லிட்ஸ் என்ற ஓட்டுநர், 1971-இல் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்த காரைக் கொண்டு வெற்றி கண்டதும், பழைய அமைப்பு சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த அந்த மாறுதலை, இவ்விளையாட்டின் மிகப் பெரிய சாதனையாகவே கொள்ளலாம். 1982-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியின் இறுதிப் பந்தயத்தில் ஷர்லி மல்டவுனி என்ற பெண்மணி, முன்பு தமக்கே துணைநின்ற கானி கலிட்டாவை வென்றதும் இத்தடத்தில்தான்.

சாலைத் தடத்துக்கு நீண்ட புகழ் வாய்க்கவில்லை. பந்தய வீரர் மாரியோ ஆண்ட்ரெட்டி, தேசிய சாம்பியன் வரிசைப் பந்தயங்களில் தம் முதல் வெற்றியை 1965 ஜூலையில் பெற்றது அத்தடத்தில் என்பது அதற்கு நிலைத்த பெருமை. 1970-க்குப் பின் அத்தகைய பந்தயங்கள் நின்றன. காலப்போக்கில் தடமும் உபயோகத்திலிருந்து நீங்கியது.

நீள்வட்டத் தடத்தின் கதை வேறு. மிட்ஜெட், ஸ்பிரிண்ட் எனப்படும் சிறிய திறந்த கார்கள் சக்கரத்தோடு சக்கரம் உரசுமளவுக்கு நெருங்கி ஓடும் இத்தடத்துப் பந்தயங்கள், 500 மைல் பந்தயத்துக்கு முந்திய இரவில் நடக்கும்போது, மறுநாளைக்காக ஊருக்கு வந்தவர்களையும் இங்கே இழுத்துவந்தன. அவற்றைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தொடங்கியதும் உள்ளூர் இளைஞர்களின் பெயர் தேசமெங்கும் பரவிற்று. பக்கத்து ஊரான பிட்ஸ்பரோவில் குடியேறி வளர்ந்த ஜெஃப் கார்டன் 1989-இல் அந்த இரவுப் பந்தயத்தை வென்றார். டோனி ஸ்டூவர்ட்டும் இங்கே ஓடித் தேறியவரே. இருவரும் பின்னாளில் நாஸ்கார் என்னும் கார்ப் பந்தயத் தொடரில் சாம்பியன்களாயினர்.

1979-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் மைதானம் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. 1982 முதல் 2011 வரை நாஸ்காரின் இரண்டாம் நிலைப் பந்தயம் நீள்வட்டத் தடத்தில் ஆண்டுதோறும் நடந்து, பின்னர் பெரிய ஸ்பீட்வேக்கு மாற்றப்பட்டது. நெருங்கிப் போராடும் பந்தயத்துக்கு இச்சிறிய தடமே உகந்தது என்று கருதிய ரசிகர்களுக்கு அது பெருங்குறையாயிற்று. விளம்பரதார நிறுவனங்களின் தொடர்பால் மைதானத்தின் பெயர் 2006-இலும் 2011-இலும் மாறியது. 2022-இல் லூகாஸ் ஆயில் என்ற முன்னொட்டோடு பழைய பெயரே திரும்பவும் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் நாஸ்காரின் டிரக் பந்தயமும் இங்கே மீண்டும் வந்தது. டிராக் ரேஸ் அணிகள் பல தங்கள் பட்டறைகளைப் பிரவுன்ஸ்பர்க்கிலேயே நிறுவியிருப்பதால், எஞ்சின் பிரித்துப் பூட்டும் வேலை அவ்வூரின் நிலைத்த தொழில்களுள் ஒன்றாகிவிட்டது.