ஒட்டாத குதிரை

மாண்டலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பலகையோடு ஒட்டுவதில்லை. எட்டுத் தந்திகளும் அழுத்துவதால்தான் அது நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே மூச்சில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும்; சுருதி பிசகாமல் பழைய இடத்தில் திரும்ப நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தந்தி மாறிய ஒவ்வொரு முறையும் இந்தச் சின்ன மரத்துண்டும் மாற வேண்டியிருந்தது.

18ஆம் நூற்றாண்டு நேபிள்ஸில் தந்திகள் ஒரு கலவை: உச்சத்துக்குக் குடல் நரம்பு, நடுவில் பித்தளை. மீட்டுவதற்குப் பறவை இறகின் காம்பு. ஓசை இனிமைதான், ஆனால் பெரிய அரங்கில் எடுபடாது. 1835 வாக்கில் அவ்வூர் வாத்தியம் செய்யும் கைவினைஞர் பாஸ்குவாலே வினாச்சியா எஃகுத் தந்திக்கு மாறினார். எஃகின் இழுவைக்கு மரப்பிருடை தாங்காது என்பதால் பல்சக்கர முறுக்காணி வந்தது, குடமும் உறுதியானது. குதிரைக்குக் கடின மரம், தந்தி உட்காரும் விளிம்பில் எலும்புத் துண்டு.

அமெரிக்காவின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் குடத்தையே கைவிட்டு, வயலினைப் போல வளைவாகச் செதுக்கிய பலகைக்குப் போனது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், தந்தியின் உயரம் மாறும். அதற்கு விடையாக 1921இல் கிப்சனில் பணியாற்றிய டெட் மெக்ஹியூ காப்புரிமை பெற்ற குதிரை வந்தது: இரண்டு கருங்காலித் துண்டுகள், நடுவே இரு திருகுகள், விரலால் திருப்பும் சக்கரங்கள். மறுவருடம் வந்த கிப்சனின் எஃப்-5 மாண்டலினிலும் அதுவே.

ஆனால் திருகு மட்டும் போதாது. குதிரையின் அடி பலகையின் வளைவோடு பொருந்த வேண்டும். உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே வரும்படி பலகையில் விரித்து, குதிரையை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். பிறகு அடியில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார்ப்பார்கள். எங்காவது நுழைந்தால் மறுபடி தேய்ப்பு. விலையுயர்ந்த தந்தி வாங்குவதைவிட இந்த அரைமணி வேலை நாதத்துக்கு அதிகம் செய்யும்.

தந்தியும் மறுபடி மாறியது: 1974இல் தந்தி தயாரிக்கும் டாடாரியோ நிறுவனம் பாஸ்பர் வெண்கலம் சுற்றிய தந்தியைக் கொண்டுவந்தது. சீக்கிரம் கறுக்காது என்பது அதன் பெருமை.

பாலகொல்லுவில் 1969இல் பிறந்து சென்னையில் புகழடைந்த கர்நாடக இசை மாண்டலின் கலைஞர் உ. ஸ்ரீனிவாஸுக்கு வேறொரு கணக்கு. ஜோடித் தந்திகளைச் சேர்த்து இழுத்தால் கமகம் பிசிறடிக்கும். அவர் மின்சார மாண்டலினில் ஒற்றைத் தந்திகள் ஐந்தோடு வாசித்தார். மந்திர ஸ்தாயிக்கும் இடம் கிடைத்தது. அங்கே நாதத்தை முதலில் வாங்குவது பலகையல்ல, தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். வெண்கலம் சுற்றினாலும், அதன் உள்ளே ஓடும் எஃகு இழையைத்தான் காந்தம் உணரும்.